விரல் நீட்டாதவர்

அந்த மனிதர் யாருக்கும் எதையும் விரல் நீட்டிக் காட்டியதில்லை. லண்டன் கிங்ஸ்பரியில் எங்கள் பக்கத்து வீட்டில் ஒன்பது வருடம் இருந்தார். ஒருநாளும் அவருடைய சுட்டுவிரல் எழும்பி நான் கண்டதில்லை. கடைக்கு வழி கேட்டால்கூட, "அந்தத் தபால் பெட்டி தாண்டி நடந்து பாருங்க" என்பார், கை காற்சட்டைப் பைக்குள்ளேயே இருக்கும். ஒரு மனிதனை இவ்வளவு நுணுக்கமாக ஏன் பார்த்தாய் என்று கேட்கிறீர்களா? பொறாமையில்தான். வேறென்ன? இப்போது சொல்ல எனக்கு வெட்கமில்லை.

அவர் மலேசியத் தமிழர், ஈப்போப் பக்கம்; பேச்சின் கடைசியில் அந்த ஊர் 'லா' ஒன்று ஒட்டிக்கொள்ளும். படிக்க வந்து லண்டனிலேயே தங்கிவிட்டவர். கவுன்சில் ஒன்றில் வரைபடங்களோடு வேலை. கல்யாணம் செய்யவில்லை. நான் யாழ்ப்பாணம், மினிகேப் டாக்ஸி ஓட்டுகிறவன். என்னைத் 'தம்பி' என்பார், என் மனைவி சுகந்தியைத் 'தங்கச்சி' என்பார். தங்கச்சி என்று கூப்பிட்டுவிட்டால் எல்லாம் சரியாகிவிடுமா? எனக்குச் சரியாகவில்லை.

ஒவ்வொரு ஆகஸ்டிலும் மூன்று கிழமை லீவு எடுத்துக்கொண்டு தனியாக நமீபியா போவார். அங்கே ஒரு காரை வாடகைக்கு எடுத்து, வறண்ட காடு ஒன்றுக்குள் தானே ஓட்டிக்கொண்டு திரிவார். வழிகாட்டி கிடையாது, கூட்டம் கிடையாது. மழை இல்லாத காலம், மிருகங்கள் தண்ணீர்க் குட்டைக்கு வந்துதான் ஆக வேண்டும், அதனால் குட்டையருகே காரை நிறுத்திவிட்டு இருந்தால் போதும் என்பார். மூக்குத் தோல் உரிந்து, சப்பாத்துக் காலில் வெள்ளைப் புழுதியோடு திரும்பி வருவார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டுத் தொலைக்காட்சியில் படக்காட்சி. அவருடைய தொலைக்காட்சி சின்னதாம்.

அந்த ஞாயிறுகளில் சுகந்தி விடிய எழும்பி உழுந்து அரைப்பாள். வடை, சட்னி, பால் விட்ட தேத்தண்ணி. என்னுடைய பிறந்தநாளுக்குக் கடை வடைதான். "இண்டைக்கு என்ன விசேஷம்?" என்று கேட்டால், "வீட்டுக்கு ஆக்கள் வருகினமெல்லே" என்பாள். ஆக்களாம். ஒரே ஓர் ஆள்.

படத்தைப் போட்டுவிட்டு அவர் ஒரு வார்த்தை பேசமாட்டார். திரையில் ஒரு மொட்டை மரம் நிற்கும். அவர் தேத்தண்ணியைக் குடிப்பார். ஒரு நிமிடம் போகும், இரண்டு நிமிடம் போகும். எனக்குக் கால் உழையும். திடீரென்று சுகந்தி, "ஐயோ, ஆந்தை! அந்தப் பொந்துக்குள்ளை!" என்று சின்னப் பிள்ளைபோல் கத்துவாள். அவர் முகம் மலரும். "அடடே! உங்க கண்ணு கண்ணுதான் லா, தங்கச்சி."

எனக்கு அது அப்போதும் மரம்தான்.

"எங்கையப்பா ஆந்தை? விரலாலை காட்டும் பாப்பம்" என்பேன்.

"நீங்கள் ஒரு நிமிசம் வாயை மூடிக்கொண்டு பாத்தாத் தெரியும்" என்பாள் சுகந்தி. "அவரைப் பாருங்கோ, எவ்வளவு அமைதியா இருக்கிறார்."

நாள் முழுக்க லண்டன் தெருக்களில் ஆட்களோடு பேசிப் பேசிச் சீவிக்கிறவன் நான். வாயை மூடச் சொன்னால் எங்கே போவேன்? ஒருமுறை அவரிடமே கேட்டேன், இன்னதென்று காட்டினால் என்ன, குறைந்தா போய்விடுவீர்கள் என்று. "கைய நீட்டினா மிருகம் ஓடிரும் லா, தம்பி. பழகிப்போச்சு" என்று சிரித்தார். படத்தில் இருக்கிற மிருகம் எங்கே ஓடுமாம்?

அவருடைய கண் அப்படியொன்றும் பெரிய கண் இல்லை என்பதற்கு என்னிடம் ஒரு சாட்சி இருந்தது. ஒருநாள் காலையில் என்னுடைய மினிகேப் அடையாள அட்டையைக் காணவில்லை. அது இல்லாமல் வேலைக்குப் போக ஏலாது. காரைக் கவிழ்க்காத குறையாகத் தேடினேன். அவர் குப்பைத் தொட்டியை வெளியே வைக்க வந்தவர், எங்கள் வேலிச் செடிக்குப் பக்கத்தில் நின்று பனியைப் பற்றி, பஸ்ஸைப் பற்றி என்னென்னவோ கதைத்தார். மனிதன் அந்தரப்படுகிற நேரத்தில் இவருக்குப் பனி! கடைசியில், "இந்தச் செடிய வெட்டணும் போல, அடியில காஞ்சு கிடக்கு" என்றார். எரிச்சலோடு குனிந்து பார்த்தால் செடியின் அடியில் என் அட்டை. "கண்டுபிடிச்சிட்டன்!" என்று கத்தினேன். "கெட்டிக்காரர் லா" என்று என் தோளில் தட்டிவிட்டுப் போனார். அவருடைய காலடியில் கிடந்தது, அவர் காணவில்லை, நான் கண்டேன். இதைச் சுகந்திக்குப் பலமுறை சொல்லியிருக்கிறேன். அவள் ஒவ்வொரு முறையும் என்னை ஒருமாதிரிப் பார்ப்பாள்.

ஒரு படக்காட்சி ஞாயிறில்தான் அவள் அதைக் கேட்டாள். "அண்ணை, நீங்கள் அங்கை சிறுத்தை கண்டிருக்கிறியளே?"

"பாக்கணும் தங்கச்சி, பாக்கணும்" என்றார், வடையைப் பிய்த்தபடி.

"எனக்கு வாழ்க்கையிலை ஒருக்கா என்ரை கண்ணாலை சிறுத்தையைப் பாக்கவேணும். எங்கடை நாட்டுக் காட்டிலை நிறைய இருக்கெண்டு சொல்லுவினம். சண்டைக்குள்ளை ஆர் போய்ப் பாத்தது?"

நான் கடித்த வடையைத் தட்டில் திரும்ப வைத்தேன். கல்யாணம் செய்து பதினாறு வருடம். இப்படியொரு ஆசை இருப்பதாக என்னிடம் ஒருநாள் வாய் திறந்தாளா? அயலானுக்குச் சொல்கிறாள். அன்றைக்குத் தீர்மானித்தேன், இவளுக்கு நான்தான் சிறுத்தை காட்டுவேன். அவர் காட்டக்கூடாது. என்ன வந்தாலும் அவர் காட்டக்கூடாது.

இரண்டாயிரத்து ஆறு ஆகஸ்டில் மூன்று பேருமாகப் போனோம். அவருடைய காரில் எல்லோரும் போகலாம் என்றார். நான் மறுத்துவிட்டேன். அங்கேயும் லண்டன் மாதிரி இடப்பக்கம்தான் ஓடுவது, எனக்கா அவர் கார் ஓட்டிக் காட்ட வேண்டும்? தனியாக ஒரு கார் எடுத்தேன்.

வாடகைக் கார் முற்றத்தில் அவர் முதலில் செய்த வேலை, எங்கள் சின்னக் கமராவை வாங்கித் தன் கமராவோடு சேர்த்து இரண்டிலும் ஒரே நேரமாகத் திருத்தி வைத்தது. நான் முதலில் செய்த வேலை, நாலு சில்லுக்கும் நாலு தேசிக்காய் வைத்தது. கிங்ஸ்பரி என்றால் என்ன, ஆப்பிரிக்கா என்றால் என்ன, புதுக் கார் தேசிக்காய் நசிக்காமல் வெளிக்கிடக்கூடாது. வாடகைக்காரப் பெடியன் வாயைப் பிளந்து பார்த்தான். வலைப்பையில் இன்னும் ஐந்தாறு மிச்சம் இருந்தன. எங்கே நின்றாலும் தேவைப்படும் என்று பின்னால் வைத்தேன்.

அவர் மெல்ல வந்தார். "தம்பி, அந்த எலுமிச்சங்காயெல்லாம் டீயில புழிஞ்சு குடிச்சு முடிச்சிடலாமா?"

"அது சாமிக்கு வாங்கினது, அண்ணை."

"சரி லா" என்று போய்விட்டார்.

காட்டின் வாசலில் ஒரு பலகை. யானையின் படம், பக்கத்தில் ஆரஞ்சு நிறத்தில் ஒரு தோடம்பழத்தின் படம், அதன்மேல் சிவப்புக் கோடு. காவலாளி கேட்டான். "தோடம்பழம் இல்லை" என்று சத்தியமாகச் சொன்னேன். தேசிக்காயைப் பற்றி அவன் கேட்கவுமில்லை, எனக்கு அது ஒரு பழமாகத் தோன்றவுமில்லை. பூசைச் சாமான் அல்லவா?

உள்ளே போனால் வெள்ளைவெளேரென்ற உப்புத் தரை. கிரவல் தெரு. சாம்பல் நிறத்தில் முள் மரங்கள். காரைவிட்டு இறங்கக்கூடாது, குட்டையருகே எஞ்சினை நிறுத்த வேண்டும். நான் லண்டனில் சவாரி எடுக்கிறமாதிரிக் குட்டைகளை எடுத்தேன். ஒரு குட்டை, ஐந்து நிமிடம், ஒன்றுமில்லை, அடுத்த குட்டை. இரண்டு நாளில் பதினெட்டுக் குட்டை பார்த்தேன். கண்டது வரிக்குதிரைகளின் பின்பக்கமும் என்னுடைய புழுதியும். அவரோ ஒரே குட்டையில் காலையிலிருந்து பின்னேரம்வரை இருந்து, இரவுச் சாப்பாட்டில் சிங்கம் நாலு, காண்டாமிருகம் ஒன்று என்று உப்பை எடுத்துத் தாங்க என்கிறமாதிரிச் சொல்வார்.

"இந்தத் தெரு சரியில்லை, அதுதான் ஒண்டும் வருகுதில்லை" என்றேன் சுகந்தியிடம்.

"ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் எண்டாளாம்" என்றாள். பிறகு மெதுவாக, "இஞ்சாருங்கோ, நாளைக்கு நான் அண்ணையின்ரை காரிலை போகட்டே?"

என்ன சொல்வது? "போம். உம்மடை விருப்பம்" என்றேன். அன்றிரவு நான் அவளோடு பேசவில்லை. அவள் அதைக் கவனித்தமாதிரியும் தெரியவில்லை.

இரண்டு நாள் அவருடைய காரில் போனாள். நான் தனியாகப் பின்னால் போய், அதே குட்டையில் நாற்பது அடி தள்ளி நிறுத்துவேன். எஞ்சின் நின்றால் ஒரு சத்தமில்லை. அவர் பிளாஸ்கைத் திறந்து அவளுக்குத் தேத்தண்ணி ஊற்றுவது தெரியும். அதுதான் அவருடைய அடையாளம் என்பது எனக்கு மெல்ல விளங்கியது. அவர் பிளாஸ்கைத் திறந்தால் எங்கேயோ ஒரு மிருகம் நிற்கிறது. அவள் கோப்பையைப் பிடித்தபடி தேடுவாள், கண்டுபிடிப்பாள், துள்ளுவாள். நான் பைனாக்குலரைத் தூக்குவேன். ஆயிரக்கணக்கான மைல் பறந்து மிருகம் பார்க்க வந்தவன், பைனாக்குலரில் என் பெண்சாதியின் தலையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சீ என்று போயிற்று.

இரண்டாம் நாள் மத்தியானம் ஒரு பெரிய கொம்பன் யானை குட்டைக்கு வந்தது. தண்ணீர் குடிக்காமல் நின்றது. தும்பிக்கையைத் தூக்கி என் பக்கம் நீட்டியது. பிறகு நேரே என் காருக்கு நடந்து வந்தது. கண்ணாடியில் முழுக்கச் சாம்பல் தோல்தான். தும்பிக்கை பின்கதவைத் தடவியது, கண்ணாடியைத் தடவியது, ஒரு உந்து உந்தியது. கார் தொட்டில்போல் ஆடியது. நான் ஹோர்னில் கை வைத்துவிட்டேன்.

"தம்பி, அடிக்காதீங்க. கண்ணாடிய மூடுங்க. சும்மா இருங்க லா" என்று நாற்பது அடியிலிருந்து அவருடைய குரல் வந்தது. அந்தக் குரல் ஏறவுமில்லை, இறங்கவுமில்லை. சுகந்தி அழுகிற சத்தம் கேட்டது. பின்னால் வலைப்பைக்குள் தேசிக்காய் மணத்துக்கொண்டிருந்தது, அப்போதுதான் எனக்கே அந்த மணம் தெரிந்தது. முருகா, முருகா என்று இருந்தேன். எவ்வளவு நேரமோ. யானை அலுத்துப்போய்த் திரும்பிப் போயிற்று. பின்கதவு நெளிந்திருந்தது.

தங்குமிடத்தில் நான் வெடித்தேன். "உங்களுக்குத் தெரியும் என்ன? தேசிக்காயாலை யானை வருமெண்டு தெரியும்! அதை எறியடா எண்டு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா என்ன? டீயிலை புழிவம் எண்டா எனக்கு என்ன விளங்கும்?"

அவர் தலை குனிந்தார். "நேரா சொல்லியிருக்கணும். என் தப்பு லா, தம்பி. எனக்கு அது வரமாட்டேங்குது" என்றார். அந்தப் பையை வாங்கிக்கொண்டு போய்க் காவலாளியிடம் தானே கொடுத்துவிட்டு வந்தார். சுகந்தியிடம், "தம்பி எவ்வளவு தைரியமா இருந்தாரு, பாத்தீங்களா?" என்று மட்டும் சொன்னார்.

"நாளைக்கு நான் உங்களோடையே வாறன்" என்றாள் சுகந்தி. யானைக்கு நன்றி என்று நினைத்துக்கொண்டு படுத்தேன்.

அடுத்தது கடைசி நாள். சிறுத்தை இன்னும் இல்லை. பின்னேரம் நாலு மணி தாண்டிவிட்டது, பொழுதுபட வாசலை மூடிவிடுவார்கள். முன்னால் போயிருந்த அவருடைய கார் எதிரே திரும்பி வந்தது. பக்கத்தில் நிறுத்தினார்.

"வெயிலா இருக்கு லா. முன்னால பெரிய முள் மரம் ஒண்ணு இருக்கு, நல்ல நிழல். அங்க நிறுத்தி டீ குடிங்க. நான் திருப்பிக்கிட்டு வர்றேன்" என்று தன் பிளாஸ்கை எங்களிடம் நீட்டினார்.

போய் நிறுத்தினோம். மரம் இடப்பக்கம், சுகந்தியின் பக்கம். எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. "நிழலிலை நிண்டு என்ன செய்யிறது? நேரம் போகுது. கடைசிக் குட்டையையும் பாத்திருக்கலாம்" என்று புறுபுறுத்துக்கொண்டு வலப்பக்க வெளியைத் துழாவினேன். சுகந்தி தேத்தண்ணி ஊற்றித் தந்தாள். வாங்கத் திரும்பினேன். அவளுடைய தலைக்கு மேலே, ஜன்னலுக்கு வெளியே, கிளையிலிருந்து ஒரு வால் தொங்கியது.

"சிறுத்தை! சுகந்தி, சிறுத்தை! அந்தா!" என்று அவளுக்குக் குறுக்கே கையை ஜன்னலுக்கு வெளியே நீட்டிவிட்டேன். தேத்தண்ணி மடியில் கொட்டியது. அவள் என் கையைப் பிடித்தாள். கண் இரண்டும் நிறைந்திருந்தது. பதினாறு வருடத்தில் அப்படி ஒரு முகத்தை நான் பார்த்ததில்லை. நான் காட்டினேன். நான்தான் காட்டினேன்.

சற்றுப் பின்னால் அவருடைய கார் நின்றதைப் பிறகுதான் கண்டேன். "அடடே, தம்பி! உங்க கண்ணு கண்ணுதான் லா" என்றார்.

அந்தச் சிறுத்தையை நான் லண்டன் முழுக்கக் கொண்டு திரிந்தேன். பிறந்தநாள் விழா, சாமத்தியச் சடங்கு, எந்த மண்டபம் என்றாலும் சரி. "வருசா வருசம் போறவருக்குக் கிடைக்கேல்லை, முதல் முறை போன எனக்கு, பாத்தியளே?" என்று கையை வீசிச் சொல்வேன். அவர் அதே மேசையில் காகிதத் தட்டோடு இருப்பார். "தம்பிக்குக் கிடச்ச மாதிரி யாருக்குக் கிடைக்கும்" என்று தலையாட்டுவார். அவர்மேல் எனக்கு அப்போது ஒரு இரக்கம்கூட வந்துவிட்டது.

மூன்று வருடத்துக்குப் பிறகு ஓய்வு எடுத்துக்கொண்டு ஈப்போவுக்குத் தமக்கையோடு இருக்கப் போனார். போகும்போது தன் படங்கள் எல்லாவற்றையும் சீடிகளில் போட்டுச் சுகந்தியிடம் கொடுத்தார். "தங்கச்சிக்கு" என்று மேலே எழுதியிருந்தது. எனக்கு இல்லையாம். அந்த எரிச்சலிலேயே ஒரு ஞாயிற்றுக்கிழமை தனியாகக் கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்தேன்.

இரண்டாயிரத்து ஒன்றில் ஒரு சிறுத்தை. இரண்டாயிரத்து மூன்றில் இரண்டு. எங்கள் தொலைக்காட்சியில் ஒருநாளும் காட்டாத சிறுத்தைகள். பிறகு எங்கள் கடைசி நாள். அந்த முள் மரம், அந்தக் கிளை, அந்த வால். மூலையில் நேரம் நாலு பன்னிரண்டு. எங்கள் கமராவில் அதே சிறுத்தை நாலு முப்பத்திமூன்று. கமரா நேரம் பிழை என்று சொல்லவும் ஏலாது, இரண்டையும் பக்கத்தில் வைத்துத் திருத்தியவர் அவரேதான். செடியின் அடியில் கிடந்த அட்டையும் அந்தக் கணத்தில் ஞாபகம் வந்து தொலைத்தது.

"சுகந்தி! இஞ்சை வாரும்!" என்று கத்தினேன். "இந்த மனிசன் என்னை ஏமாத்திப் போட்டான்! முதலே கண்டிட்டு, ஒண்டும் தெரியாத மாதிரி எங்களை அங்கை அனுப்பினவன்!"

அவள் இரண்டு கோப்பை தேத்தண்ணியோடு வந்தாள். படத்தைப் பார்த்தாள். "ஓம், தெரியும்" என்றாள்.

"எப்ப தெரியும்?"

"அண்டைக்கே. நிழலெண்டு சொல்லிப் பிளாஸ்கைத் தரேக்கையே விளங்கீற்று. காரை நிப்பாட்டின உடனை நானும் கண்டிட்டன்."

"கண்டிட்டு? சொல்லாமல் இருந்தனீரோ?"

அவள் கோப்பையை என் பக்கத்தில் வைத்துவிட்டு, "அடுத்த படத்தையும் பாருங்கோ" என்றாள்.

அடுத்தது நாலு முப்பத்தொன்று. அவர் பின்னால் நின்று எங்கள் காரை எடுத்திருக்கிறார். இடப்பக்க ஜன்னல், வெளியே நீண்ட என் கை, பிளந்த என் வாய். மேல் மூலையில் சிறுத்தையின் வால். "என்ரை கையும் வாயும்தான் இருக்கு. உம்மடை முகமே விழேல்லை, பின்கொண்டை மட்டும்தான்" என்றேன்.

சுகந்தி தேத்தண்ணியைக் குடித்தாள். ஒரு நிமிடம் போயிற்று, இரண்டு நிமிடம் போயிற்று. நான் வாயை மூடிக்கொண்டு பார்த்தேன்.

கிளை ஜன்னலுக்கு வெளியே. சிறுத்தையும் வெளியே. அவளுடைய கொண்டை சிறுத்தையின் பக்கம். முகம் முழுக்க என் பக்கம்.

அந்தப் படத்தை எடுத்தவர்மேல் எனக்கு அப்போது வந்த பொறாமைபோல் ஒருநாளும் வந்ததில்லை. நான் மூன்று வருடம் கழித்துக் காண்பதை அந்த மனிதர் அந்த நிமிடமே கண்டு, எடுத்தும் வைத்துவிட்டார்.

"நீர் சிறுத்தையைப் பாக்கவேயில்லை" என்றேன்.

"அப்பாடா" என்றாள் சுகந்தி. "உங்கடை கண் கண்தான்."